முழங்கால் கேட்ட கேள்வி

கரூரில் பூங்கோதை என்றொருத்தி இருந்தாள். அவளுடைய வலது முழங்காலுக்கு எதையும் துருவித் துருவிக் கேட்காவிட்டால் தூக்கம் வராது.

பூங்கோதைக்குப் பகலெல்லாம் தையல் மெஷின். சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கிய கையோடு மைதானத்தில் ஓட்டம். போலீஸ் செலக்சன் நெருங்கிவிட்டது. அதில் தோற்றால் காலத்துக்கும் மெஷின்தான்.

ஒருநாள் பாதி ஓட்டத்தில் முழங்காலுக்குள் வலி வந்து சட்டமாக உட்கார்ந்தது.

"எனக்கும் இப்படித்தான் புள்ள. ஸ்ப்ரே அடிச்சுட்டு ஓடு, சரியாப் போயிரும்" என்றாள் கூட ஓடும் ரெஜினா.

பூங்கோதை அடித்தாள். ஸ்ப்ரே ஜில்லென்று வந்து வலியின் வாயைப் பொத்தியது. "இனி இவன் மூச்சு விடமாட்டான்" என்று பீற்றிக்கொண்டது.

"கையை எடுங்க. அவர்கிட்ட ஒண்ணு கேக்கோணும்" என்றது முழங்கால். "ஏனுங்க, உங்களை யாரு அனுப்பிச்சாங்க?"

"தொடை" என்றது வலி.

"மேல் வீட்டுக்காரருங்களா? அவரு பாட்டுக்குச் சும்மாதான இருக்காரு!"

"சும்மா இருக்கறதுதான் வினை. பகல் பூரா மெஷின் முன்னாடி மடங்கி விறைச்சுப் போறாரு. அவரை எழுப்பாமயே ஓடுறீங்க. அவரு தாங்க வேண்டியதும் உன் தலைல விழுது. அவருக்குப் பேச வாயில்ல, நான் கத்தறேன்."

"பூங்கோதைக்கு அது புரியுதுங்களா?"

"எங்க? கத்தக் கத்த உன்னையத்தான் தேய்க்கறா."

முழங்கால் யோசித்தது. பூங்கோதை விழுந்துவிடுவாளோ என்று பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுத்த அடியில் வேண்டுமென்றே மெல்ல மடங்கிக்கொடுத்தது. தடுமாறிய பூங்கோதை தொடையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரெஜி, கோளாறு முட்டியிலதான்னு நெனச்சேன். இங்க தொட்டுப் பாரு, தொடை கட்டையாட்டம் இருக்குது."

அப்புறம் சில நாள் ஓடவில்லை. தொடையை நீவிவிட்டாள். மெஷினை விட்டு அவ்வப்போது எழுந்து காலை நீட்டி மடக்கினாள். மறுபடி ஓட ஆரம்பித்தபோது முதலில் நடந்தாள், உடம்பு சூடானபிறகே வேகம் பிடித்தாள். தொடை கொட்டாவி விட்டு எழுந்து தன் சுமையைத் தானே தூக்கிக்கொண்டது.

செலக்சன் அன்று பூங்கோதை குறித்த நேரத்துக்குள் ஓடி முடிவுக் கோட்டைத் தாண்டினாள். முழங்காலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நன்றி சொல்லத் தேடினால், வலி மூட்டை முடிச்சோடு கிளம்பிக்கொண்டிருந்தது.

"எங்கீங்க கெளம்பிட்டீங்க?"

"ரெஜினாகிட்ட. அவ முட்டி இன்னும் ஒரு கேள்வியும் கேக்கல. இன்னும் சத்தமாக் கத்தோணும்."