பாதிப் பேச்சுக்கு ஒரு வெற்றிலை

முன்னொரு காலத்தில் வேங்கைநாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் எப்போது சிரிப்பான், எப்போது சீறுவான் என்று அவனுக்கே தெரியாது. அவன் அவையில் ஒரு வழக்கம் இருந்தது. யோசனை சொன்னவருக்கு ராஜா தன் கையால் வெற்றிலை மடித்துக் கொடுப்பான். அதை வாயில் போட்டவர் அந்த வேலையைத் தாமே முன்னின்று முடிக்க வேண்டும்.

அமைச்சர் ஆதனார் நிதானமாகப் பேசுகிறவர். நடுவில் நிறுத்தித் தொண்டையைச் செருமிக்கொள்வார். சேனாதிபதி விடங்கனுக்கு அந்த இடைவெளி போதும். "அதைத்தான் நானும் சொல்லவந்தேன், பிரபு!" என்று குதித்து, மீதியைத் தானே சொல்லி, வெற்றிலையையும் வாங்கிக்கொள்வான். எல்லாம் ஏரித் திறப்பு, தேரோட்டம் என்று கழுத்தில் மாலை விழுகிற வேலைகள்! போதாக்குறைக்கு ஆதனாரைப் போலவே செருமியும் காட்டுவான். ராஜா தொடையில் தட்டிச் சிரிப்பான். ராஜா சிரித்தால் அவை சும்மா இருக்குமா?

ஆதனாருக்கு வீட்டில் சோறு இறங்காது. ராஜாவிடம் தனியே முறையிட்டும் பார்த்தார்.

"விளையாட்டுக்குச் செய்கிறான், ஓய்! இதற்கெல்லாமா முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வது?" என்றான் ராஜா.

அதற்குப்பின் அவையில் வாய்திறக்கவே அவருக்குக் கூசியது. பேசாத அமைச்சருக்கு அங்கே என்ன வேலை? மானங்கெட்டு இருப்பதா, பதவியைத் தூக்கி எறிந்துவிட்டுப் போவதா என்று குமைந்துகொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் தெற்குக் கோட்டையில் விஷக்காய்ச்சல் பரவி, காவலர்கள் ஓடுவதாகச் செய்தி வந்தது. "வழி சொல்லுங்கள்!" என்று ராஜா சீறினான். ஆதனார் எழுந்தார்.

"மன்னா, ஆணை அனுப்பிப் பயனில்லை. இந்த அவையின் பெரிய மனிதர் ஒருவர்..." என்றவர் வேண்டுமென்றே நிறுத்திச் செருமினார்.

விடங்கன் துள்ளி எழுந்தான். கிழட்டு அமைச்சரை ஒழித்துக்கட்ட இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? "அதைத்தான் நானும் சொல்லவந்தேன், பிரபு! பெரியவர் ஒருவர் போய், காய்ச்சல் தீரும்வரை கோட்டையிலேயே தங்க வேண்டும். அப்போது எவன் ஓடுவான்?"

"சபாஷ்!" என்று ராஜா வெற்றிலையை நீட்டினான். விடங்கன் வழக்கம்போல் அதை வாயில் அடக்கிக்கொண்டு, "நம் அமைச்சரைவிடப் பெரியவர் யார்?" என்றான்.

"நான் யோசனையே சொல்லவில்லையே, மன்னா. வெற்றிலை யார் வாயில் இருக்கிறது?" என்றார் ஆதனார்.

விடங்கனுக்கு மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ராஜா அதே தொடையில் தட்டி, அதே சிரிப்பைச் சிரித்தான். அதைப் பார்த்ததும் ஆதனாருக்கு ஜெயித்த சந்தோஷமே போய்விட்டது. இவனுக்கு எவர் அழுதாலும் வேடிக்கைதான்!

"இன்றே புறப்படும், விடங்கரே! ஆதனாரே, உம் புத்திக்குப் பரிசு தருகிறேன். என்ன வேண்டும்? கேளும்" என்றான் ராஜா.

"நான் பேசி முடிக்கும்வரை மன்னர் சிரிக்காமல் கேட்க வேண்டும்."

"அவ்வளவுதானா? பேசும்."

"விடங்கர் என் பேச்சைத்தான் பறித்தார். என் மானத்தைப் பறித்தது உங்கள் சிரிப்பு. சிரிப்பவருக்கும் வெற்றிலை கொடுக்கும் வழக்கம் இருந்திருந்தால், இன்று கோட்டைக்குப் போகவேண்டியவர் நீங்கள்."

ராஜா தலையைக் குனிந்துகொண்டான். "இன்னும் ஏதாவது உண்டா?" என்று தணிந்த குரலில் கேட்டான்.

"இல்லை, மன்னா. இந்த அவையில் நான் பேசி முடித்தது இன்றைக்குத்தான்" என்று கும்பிட்டுவிட்டு, ஆதனார் தம் இடத்தில் போய் உட்கார்ந்தார்.