ரோரி தர மாட்டேன்னு சொன்னது

ஒரு ஊர்ல ஒரு ராஜா. அவருக்கு ரெண்டு பசங்க. ஊரு ஸ்காட்லாந்து, எப்பப் பாரு மழை, எப்பப் பாரு குளிரு. போர்வையை இழுத்துக்கோ, சொல்லும்போதே நடுங்குது. சின்னவன் பேரு ரோரி. கிரீடம் மூத்தவனுக்குத்தான், இவனுக்கு இல்ல. அழுதானான்னு கேக்குறியா? அவனா! "நல்லதாப் போச்சு, தலைக்குப் பாரம் மிச்சம்"னு சிரிச்சான்.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். ராஜா பிள்ளையா இருந்தாலும் வேற வீட்டுல குடுத்துத்தான் வளப்பாங்க. அப்படி ரோரி கைக்குழந்தையா மலைக்குப் போனான். அங்க மோராக்னு ஒரு அம்மா. தன் மகன் ஆங்கஸுக்கு ஒரு பக்கம், ரோரிக்கு ஒரு பக்கம்னு பால் குடுத்து வளத்தா. ரெண்டு பேருக்கும் ஒரே சட்டியில ஓட்ஸ் கஞ்சி, ஒரே கம்பளி. "ம்" சொல்லுடீ. சொல்லலேன்னா நிறுத்திடுவேன். ஆங், அப்படி.

அப்புறம் அப்பா ராஜா செத்துப் போனாரு. அண்ணன் ராஜாவானான். ரோரிக்கு மலையில ஒரு கோட்டையைக் குடுத்தாங்க, ஆங்கஸும் அங்கயே அவன்கூட இருந்தான். ஜனங்க அவன்மேல உசிரையே வச்சிருந்தாங்க. அதுதான் வினை! அரண்மனையில ஒரு மந்திரி, குசுகுசுன்னு ராஜா காதுல ஓதினான். "உங்க தம்பி பின்னாடி மலையே நிக்குது. நாளைக்குக் கிரீடத்தைக் கேப்பான்." எனக்கு அந்த ஆளை நினைச்சாலே பத்திக்கிட்டு வருது.

அப்போ டக்டக் டக்டக்னு குதிரையில ஆள் வந்தான். "கோட்டைச் சாவி வேணுமாம் ராஜாவுக்கு." கலகலன்னு சாவிக்கொத்தை எடுத்துக் குடுத்துட்டான் ரோரி. அப்புறம் மறுபடியும் டக்டக் டக்டக். "குதிரை அத்தனையும் வேணுமாம்." லாயக் கதவு கிரீச்சுன்னு திறந்துச்சு. குதிரையும் போச்சு. அப்பவும் அவன் சிரிப்பு குறையல.

மூணாவது தடவை வந்தவன், "ஆங்கஸைப் பிணையா அனுப்பணும். நீங்க ராஜாவை எதுத்தா அவன் தலை போயிடும்"னான்.

ஆங்கஸ் அப்பவே செருப்பை மாட்டிட்டான். "நான் போறேன் ரோரி. இல்லேன்னா உன்னைத் துரோகின்னு சொல்லிக் கொன்னுடுவாங்க."

"பேசாம உக்காரு"ன்னுட்டு ரோரி தானே கிளம்பினான். நடந்தே போனான், குதிரைதான் இல்லியே! மேல சோன்னு மழை, கீழ சளக் சளக்னு சேறு. தூங்கிட்டியா? ம், சரி சரி.

அரண்மனைக்குள்ள கால் வச்சதும் மந்திரி குதிச்சான். "பாத்தீங்களா ராஜா, பிணை குடுக்கல! இவன் துரோகிதான்!"

அண்ணன் கேட்டான், "ஏன்டா? சாவியைக் குடுத்தே, குதிரையைக் குடுத்தே. அவனைக் குடுத்தா என்ன?"

"வேணும்னா என்னைப் பிடிச்சு வச்சுக்கோங்க அண்ணா. அவனைத் தர மாட்டேன். கூடப் பால் குடிச்சவனையே தூக்கிக் குடுக்குறவன், நாளைக்கு உங்களைக் குடுக்க மாட்டானா?"

மந்திரி மெல்லத் தூணுக்குப் பின்னாடி நழுவினான்.

அண்ணன் சிம்மாசனத்தை விட்டு எறங்கி வந்தான். "நாளைக்கு யாராவது வந்து என்னைக் கேட்டா?"

"வந்து கேக்கட்டும், பாத்துக்கலாம்"னான் ரோரி.

அண்ணனுக்குப் பொலபொலன்னு கண்ணீர் வந்துடுச்சு. சேறும் சகதியுமா நின்ன தம்பியை அப்படியே கட்டிப் பிடிச்சுக்கிட்டான்.

அவ்வளவுதான். ராஜா அழுது முடிச்சாச்சு, நான் சொல்லி முடிச்சாச்சு, நீ கண்ணை மூடு.