அரை விலை ஓலை

ராசாக்களுக்குப் பொழுது போகாத காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் செம்பாறை நாட்டை மகுடவர்மன் ஆண்டு வந்தான். கோட்டை வாசலில் வீராயி விற்கும் புளிச்சோற்றுப் பொட்டலம் என்றால் அவனுக்கு உயிர். அரண்மனை மடைப்பள்ளித் தலைவர் தாண்டவராயருக்கோ அதில் வயிற்றெரிச்சல்.

"மகாராசா, தங்கள் பிறந்தநாளுக்கு ஊருக்கெல்லாம் ஓலை கொடுப்போம். ஓலையைக் காட்டினால் வீராயி பாதி விலைக்குச் சோறு தரவேண்டும். புதுக்கூட்டம் அலைமோதும். அவளுக்கும் நல்லதுதானே?" என்றார் அவர்.

ராசா தலையாட்டினான். மீதிப் பாதியை யார் தருவார் என்று கேட்கவில்லை. ராசாக்கள் அதெல்லாம் கேட்பதில்லை.

கூட்டம் அலைமோதத்தான் செய்தது. வீராயி விறகுக்காக மூக்குத்தியை விற்றாள், அரிசிக்காக வண்டிமாட்டை விற்றாள். மிச்சம் இருந்தது சோறு வடிக்கும் அண்டா மட்டும். அதுவும் போனால் பிழைப்பே போச்சு. மந்திரி அம்பலவாணரிடம் ஓடினாள்.

"கூட்டத்தைப் பார்த்தா கண்ணு நிறையுது சாமி. ஆனா எல்லாம் பழைய மூஞ்சி. நேத்து முழு விலை கொடுத்தவங்கதான்."

"அதைச் சபையில் காட்ட முடியுமா?"

"நான் பொட்டலம் கட்டுற முடிச்சு காட்டும் சாமி."

மறுநாள் ஓலைக்காரர் நூறு பேரைச் சபைக்கு வரவழைத்தார் மந்திரி. தாண்டவராயர் மீசையை முறுக்கினார். "அத்தனையும் புதுமுகம், மகாராசா."

"அப்படியானால் இவர்கள் ருசி அவளுக்குத் தெரியாது. யாரும் வாய் திறக்க வேண்டாம். வீராயி கொடுக்கட்டும்" என்றார் மந்திரி.

காரம் தூக்கலான பொட்டலத்துக்கு நாரில் ஒரு முடிச்சு, காரம் குறைந்ததற்கு இரண்டு, கடலை கூடுதலானதற்கு மூன்று. அதுதான் வீராயி வழக்கம். முகத்தைப் பார்த்துப் பார்த்து நீட்டினாள். நூறு பேரில் ஒருவரும் மாற்றிக் கேட்கவில்லை. கடைசியாக மூன்று முடிச்சுப் பொட்டலம் ஒன்றைத் தாண்டவராயர் கையில் வைத்தாள்.

"முக்காடு போட்டுக்கிட்டு வந்து வாங்குவீங்களே, அதே மாதிரிதான் கட்டியிருக்கேன் ஐயா."

சபையே சிரித்தது. ராசா தாண்டவராயரின் பதவியைப் பறித்தான், ஓலைகளை ரத்து செய்தான். மந்திரிக்கு முத்துமாலை, வீராயிக்குப் பட்டுப்புடவை.

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை.

மறுநாள் அண்டா நிறையச் சோறு வடித்துக் காத்திருந்தாள். வழக்கமாக வாங்கும் வண்டிக்காரர்கள் வந்து விலை கேட்டார்கள். "முழு விலையா? அடுத்த ஓலை வரட்டும் அக்கா" என்று போய்விட்டார்கள். சோறு ஆறிப்போனது. மந்திரி வந்து பார்த்தார்.

"தப்பைக் காட்டத் தெரிந்தது, வீராயி. இதற்கு எனக்கு வழி தெரியவில்லை" என்று தலைகுனிந்தார்.

பொழுது சாய்கையில் அரண்மனைச் சேவகன் வந்தான்.

"மகாராசாவுக்கு ரெண்டு பொட்டலம். அந்தப் பாதி விலைக்கே வாங்கிட்டு வரச் சொன்னார்."

வீராயி நாரை எடுத்து, ராசாவுக்கான ஒற்றை முடிச்சைப் போட்டுக் கொடுத்தாள்.

"அப்படியே இந்த அண்டாவை யாராவது வாங்குவாங்களான்னு அரண்மனையில கேளுப்பா. அதையும் பாதி விலைக்கே தர்றேன்" என்றாள்.