குளவியின் இடுப்பு

“என் குளவிய ஏன் ஒரு மீனும் தொட மாட்டேங்குது?”

செங்கோடன் அதைக் கேட்டான் என்பதைவிட வாசலில் வீசினான் என்று சொல்லலாம். கேள்வியோடு சேர்ந்து குளவியும் வந்து விழுந்தது.

மார்த்தா குனிந்து அதை எடுத்தாள். தூண்டில் முள்ளின் மேல் மஞ்சள் கம்பளி, கறுப்பு நூல், சேவல் இறகு. போதாததற்கு முதுகில் பளபளவென்று ஜரிகை.

“குளவியா இது? போண்டான்னு நெனச்சேன்.”

“அம்மிணி, நான் கோவக்காரன்.”

“தெரியுது. ஓடைக்கு அந்தப் பக்கமே கேட்டுச்சு.”

மலை ஓடையில் டிரவுட் மீன் பிடிக்க வருகிறவர்களுக்குப் பொய்ப்பூச்சி கட்டிக் கொடுப்பவள் மார்த்தா. தேனீ, குளவி, வண்டு, எது கேட்டாலும் நூலும் இறகும் வைத்து முள்ளின் மேல் கட்டிவிடுவாள். செங்கோடனுக்கு மகள் வயது. மகள் வயதுக்காரியிடம் போய்க் கற்றுக்கொள்ள நிற்பது அவனுக்குச் செருப்பில் கல் மாதிரி உறுத்தியது. ஆனால் வேறு வழி இல்லை.

அவன் மாட்டுத் தரகன். கீழே சந்தையில் துண்டு போட்டு விலை பேசுகிறவன். வாங்குகிறவனும் விற்கிறவனும் ஒரே துண்டுக்குள் கையை விட்டுக்கொள்வார்கள். வாய் பேசாது. விரலைப் பிடிக்கிற பிடியிலேயே விலை ஏறும், இறங்கும். சுற்றி நிற்கிற ஒருத்தனுக்கும் ஒன்றும் தெரியாது.

போன சந்தையில் ஒரு சோடிக் காளைக்குத் துண்டு விழுந்தது. விற்கிறவன் முதல் விரலை அழுத்தினான். அவ்வளவுதான். செங்கோடன் துண்டை உதறி எறிந்துவிட்டு, “யாருகிட்ட வெளையாடுற!” என்று கத்தினான். அந்த ஆள் ஒரு வார்த்தை பேசாமல் காளைகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

கூட்டாளியான மச்சான் கந்தப்பன் நடுச்சந்தையில் வைத்துச் சொன்னான். “இனி என் துண்டுக்குள்ள உன் கை வராது மாப்ள.”

துண்டில்லாத தரகன் சந்தையில் யார்? வேடிக்கை பார்க்க வந்தவன்.

அதன்பின், முன்பே ஒப்புக்கொண்ட மாடுகளைப் பார்க்க இருவரும் மலைக்கு வந்தார்கள், பேசாமலே. பாலத்தின் மேல் நின்றபோது கீழே மடுவில் ஒரு பெரிய மீன் கண்ணில் பட்டது. மடுவின் மேல் சாய்ந்த கிளையில் ஒரு குளவிக்கூடு. காற்றில் எந்தக் குளவி தண்ணீரில் விழுந்தாலும் மீன் அதை விடவில்லை.

“இதென்ன பெரிய மீனு? நான் பிடிப்பேன்” என்றான் செங்கோடன், யாரும் கேட்காமலே.

கந்தப்பன் அந்த வாயைப் பிடித்துக்கொண்டான். “பிடி. கடையில வாங்கின பூச்சியில இல்ல, நீயே உக்காந்து கட்டினதுல பிடி. மாடு ஏத்த நான் லாரியோட வாரப்ப அந்த மீனக் காட்டு, துண்ட விரிக்கிறேன். இல்லீன்னா உன் வழி உனக்கு, என் வழி எனக்கு.”

லாரி நாளைக் காலை வருகிறது.

“படுங்க அண்ணா” என்றாள் மார்த்தா.

“எங்க?”

“கீழ. தரையில.”

ஜன்னலோரம் இரண்டு ஸ்டூல்களை இடைவெளி விட்டுப் போட்டு, மேலே ஓர் அகலமான கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்திருந்தாள். செத்த குளவி ஒன்றையும் அவனுடைய போண்டாவையும் அதில் மிதக்கவிட்டாள்.

செங்கோடன் முனகிக்கொண்டே ஸ்டூல்களுக்கு இடையில் தலையைக் கொடுத்துப் படுத்தான்.

“மீன் அங்க இருந்துதான் பாக்குது. ஜரிகை தெரியுதா?”

“இல்ல.”

“மஞ்சள்?”

“எல்லாம் கருகருன்னுதான் இருக்குது.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

அவன் பார்த்தான். அவன் கட்டியது ஒரே உருண்டை. செத்த குளவி அப்படி இல்லை. முன்னால் ஒரு துளி, பின்னால் ஒரு துளி. நடுவில் மயிரிழை. அதன் இரண்டு பக்கமும் வானம் தெரிந்தது.

“நடுவுல ஒண்ணுமே இல்லியே அம்மிணி.”

“அதைக் கட்டுங்க.”

“எதை?”

மார்த்தா கோழிக்குத் தீனி போடப் போய்விட்டாள்.

செங்கோடன் கண்ணாடிப் பாத்திரத்தைப் பார்த்துத் திட்டிய திட்டில் தண்ணீரே நடுங்கியது.

பிறகு எழுந்து உட்கார்ந்தான். முள்ளை இடுக்கியில் மாட்டினான். பின்னால் ஒரு துளி கட்டினான். முன்னால் ஒரு துளி கட்டினான். நடுவைப் பார்த்தால் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. வெறும் நூல் தெரிகிறதே, பார்க்கிறவன் ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டானா? ஒரு சுற்று சுற்றினான். இன்னொரு சுற்று. மறுபடி போண்டா.

நூலை அறுத்து எறிந்தான். கட்டினான். இறுக்கிய வேகத்தில் நூல் அறுந்தது. நூலைத் திட்டினான், முள்ளைத் திட்டினான், சேவலின் தாய் தகப்பனை இழுத்தான். முற்றத்தில் சேவல் பதிலுக்குக் கூவியது.

கடைசியில் பிளேடை எடுத்து நடுவில் இருந்ததையெல்லாம் செதுக்கித் தள்ளினான். வெறும் நூல் மிஞ்சியது. அதற்கு மேல் சுற்றத் துடித்த வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

திரும்பி வந்த மார்த்தா குளவியைப் பார்த்தாள். தொடைக்கு அடியில் இருந்த கையையும் பார்த்தாள். தூண்டில் கழியை எடுத்து நீட்டினாள்.

“நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை வராதா அம்மிணி?”

“மீன் சொல்லட்டும்.”

பொழுது சாய்கிற நேரம். குளவி மடுவின் மேல் விழுந்தது. மிதந்தது. கிளைக்கு அடியில் வந்தபோது தண்ணீர் புடைத்தது.

சப்பென்று ஓர் அடி!

செங்கோடன் கழியை வெடுக்கென்று இழுத்தான். குளவி தண்ணீரை விட்டுப் பறந்து வந்து அவன் தலைப்பாகையிலேயே குத்தி நின்றது.

மறுபடி வீசினான். மறுபடி அடி. மறுபடி இழுப்பு. இந்த முறை காது தப்பியது.

“திங்க வரலீங்கறேன்! வாலால அடிச்சிட்டுப் போயிருது! என்னையக் கிண்டல் பண்ணுது!”

“கொட்டுற குளவிய உசுரோட வாயில போட அதுக்கென்ன பைத்தியமா? மொதல்ல அடிக்கும்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்னன்னு நீங்க ஒரு தடவை கூடப் பாத்ததில்லையே அண்ணா.”

செங்கோடன் கழியைத் தரையில் போட்டான். ஓடையையும் மலையையும் மச்சானையும் ஒரே மூச்சில் ஏசி முடித்தான்.

மார்த்தா ஏச்சு முடியும்வரை இருந்தாள். “அந்தத் தோள் துண்டக் குடுங்க” என்றாள்.

துண்டை அவன் வலது கையின் மேல் போட்டாள். தன் கையை உள்ளே விட்டு அவன் விரல் ஒன்றை அழுத்தினாள்.

“இது என்ன வெலை?”

செங்கோடனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இது வெலையா? ஆழம் பாக்குறது. இவன் அவசரக்காரனா, ஆத்திரக்காரனான்னு தட்டிப் பாக்குறது.”

“அதுக்கு என்ன பதில் சொல்வீங்க?”

“பதிலா? மொத விரலுக்கு எந்த மடையனாச்சும் பதில்…”

வாய் அப்படியே நின்றது.

ஓடை ஓடிக்கொண்டிருந்தது. மார்த்தா கையை எடுத்துக்கொண்டாள். துண்டை எடுக்கவில்லை.

காலையில் பாலத்தின் மேல் லாரி நின்றது. கந்தப்பன் கைப்பிடிச் சுவரில் வயிற்றை வைத்துக் கீழே எட்டிப் பார்த்தான்.

“என்ன மாப்ள, மீனு எங்க? கொழம்பு வச்சு மூடி வச்சிருக்கியா?”

செங்கோடன் நிமிரவில்லை. கழி பிடித்த கையின் மேல் துண்டு கிடந்தது. துண்டுக்குள் தூண்டில் நரம்பு அவன் ஆள்காட்டி விரலின் மேல் ஓடியது.

“குளிருதா மாப்ள? கைக்குப் போர்வையெல்லாம் போட்டுருக்குற!”

லாரி டிரைவர் சிரித்தான்.

செங்கோடனின் காது சிவந்தது. துண்டு அசையவில்லை.

குளவி விழுந்தது. மிதந்தது. கிளைக்கு அடியில் வந்தது.

சப்!

“போச்சு! இழுடா! இழு!” கந்தப்பன் பாலத்தின் மேலேயே துள்ளிக் குதித்தான்.

முதல் விரல், என்று நினைத்துக்கொண்டான் செங்கோடன்.

அடிபட்ட குளவி சாய்ந்தது. நனைந்தது. மெல்ல மூழ்கிக் கண்ணுக்கு மறைந்தது. தண்ணீரின் மேல் ஒன்றும் இல்லை. கழி சும்மா இருந்தது. கை சும்மா இருந்தது. பாலத்தின் மேல் கத்தல் மட்டும் ஓயவில்லை.

“விட்டுட்டான் பாரு! மரம் மாதிரி நிக்கிறான்!”

அப்போது துண்டுக்குள் யாரோ அவன் விரலைப் பிடித்தார்கள்.

தட்டிப் பார்க்கிற பிடி இல்லை. முழுப் பிடி. சந்தையில் முப்பது வருஷம் கை விட்டவனுக்கு அந்தப் பிடி தெரியாதா? இதுதான் விலை.

செங்கோடன் கழியைத் தூக்கினான்.

மடு பிளந்தது. மீன் வானத்துக்கு எழும்பி உடம்பை முறுக்கிக் காட்டிவிட்டு விழுந்தது. நரம்பு கிறீச்சிட்டது. கழி வில்லாய் வளைந்தது. மீன் பாறைக்கு ஓடியபோது நரம்பைக் கொடுத்தான். களைத்து நின்றபோது வாங்கினான். கொடுத்தான், வாங்கினான். கொம்பு சீவிய காளையை அடக்குகிறவன் போல முழங்கால் தண்ணீரில் நின்று சிரித்தான். லாரி டிரைவர் கட்சி மாறி விசிலடித்தான்.

மார்த்தா வலையை நீட்டினாள். மீன் உள்ளே வந்தது. முழங்கை நீளம், உடம்பெல்லாம் புள்ளி. உதட்டோரம் குளவி, இடுப்பு கலையாமல்.

கந்தப்பன் மூச்சு வாங்க இறங்கி வந்தான். மீனைப் பார்த்தான். மாப்பிள்ளையைப் பார்த்தான். மறுபடி மீனைப் பார்த்தான்.

“கொழம்புக்குத்தானே?”

செங்கோடன் முள்ளைக் கழற்றி, மீனைத் தண்ணீருக்குள் பிடித்து, தெளிந்ததும் விட்டான்.

“இன்னொரு கோவக்காரன் வருவான் மச்சான். அவனுக்கு வேணும்ல?” பிறகு மார்த்தாவைப் பார்த்து, நனைந்த கைகளைச் சேர்த்து, “வாரனுங்க டீச்சர்” என்றான்.

கந்தப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினான்.

“சொன்ன சொல்லு சொல்லுதான். வா மாப்ள, இனி உன் பங்கு என்னன்னு இங்கயே பேசி முடிச்சிருவோம்.”

துண்டு விரிந்தது. இரண்டு கைகளும் உள்ளே போயின. கந்தப்பன் ஒரு விரலை அழுத்தினான்.

செங்கோடன் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன மாப்ள? பதிலைக் காணோம்?”

ஓடை ஓடிக்கொண்டிருந்தது. மார்த்தா உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

கந்தப்பனின் முகம் மெல்லச் சுருங்கியது. துண்டுக்குள் இன்னொரு விரல் நீண்டது.