மங்கோலியாவுக்குப் பயமில்லை

எங்கள் கல்லூரியில் உலக நாடுகள் சபை என்று ஒரு விவாதப் போட்டி நடந்தது. ஆளுக்கொரு நாடாக மாறிப் பேச வேண்டும். சபைத் தலைவர் சுகவனம், இறுதியாண்டு மாணவர். சித்திரை வெயிலில் கோட்டும் மரச் சுத்தியலுமாக உட்கார்ந்திருந்தார்.

"இங்கே மனுஷங்க கிடையாது, நாடுகள் மட்டும்தான். சொந்தக் கதை பேசினா வெளியே! பேசாம நின்னாலும் வெளியே! வெளியே போனா இன்டர்னல் மார்க் பூஜ்யம்!"

சீட்டுக் குலுக்கலில் மங்கோலியா, முதலாண்டு செண்பகவல்லிக்கு விழுந்தது. வகுப்பில் 'உள்ளேன்' சொல்லவே வியர்த்துப் போகிறவள் அவள். மைக் முன்னால் வந்து அதன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்ன மங்கோலியா, பயமா?" என்று தலைவர் சிரித்தார். சபையும் சிரித்தது.

"மங்கோலியாவுக்குப் பயமில்லை, தலைவர் அவர்களே," என்றாள் மெல்லிய குரலில். "பயப்படுறது செண்பகவல்லின்னு ஒரு மனுஷி. உங்க விதிப்படி அவளை வெளியே அனுப்பிடுங்க."

விதியென்றால் விதிதானே? தலைவர் சுத்தியலைத் தட்டினார். வாசலில் நின்ற தொண்டர் கதவைத் திறந்து, யாருமே போகாத வழிக்கு மரியாதையாக ஒதுங்கி நின்று, மறுபடி சாத்தினார்.

"நன்றி. இனி மங்கோலியா பேசும்."

பேசியது. குதிரை, மேய்ச்சல் நிலம் என்று ஆரம்பித்து, கடலே இல்லாத தன் நாட்டுக்கு எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் கடல் தர வேண்டும் என்று சாப்பாட்டு நேரத்தையும் தாண்டிப் பேசியது. சுத்தியல் சத்தம் அதன் காதில் விழவே இல்லை.

"நிறுத்தும்மா!" என்று தலைவர் கத்தினார். "எனக்குப் பசி உயிர் போகுது!"

சபை முழுவதும் தலைவர் பக்கம் திரும்பியது.

"பசி எந்த நாட்டுக்கு, தலைவர் அவர்களே?" என்று கேட்டது மங்கோலியா.

தொண்டர் கதவைத் திறந்தார்.