பாருக்கு வழி சொன்னவன்

செப்டம்பர் இருபத்தொன்றாம் நாள், சனிக்கிழமை. மாலத்தீவின் தலைநகரான மாலேயில் காலையில் பெய்த மழை ஓய்ந்து, மாலை நான்கு மணிக்கு வெயில் சுள்ளென்று அடித்தது. அதே வேளையில் குமரிக் கடற்கரையில் மேல்காற்று வலுத்துக் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. விளையாட்டரங்கில் அமர்ந்திருந்த பெர்க்மான்ஸ் அதை அறியான்.

இந்தியக் கால்பந்து அணியின் ஆட்டத்தைக் காண்பதற்காகக் குமரிக் கடலோர ஊரொன்றிலிருந்து விமானமேறி வந்த மூன்று நண்பர்களுள் அவன் ஒருவன். மற்ற இருவர் கிளீட்டஸும் செலஸ்டினும். மூவரும் மீனவர்கள். கடலுக்குப் போகையில் கைப்பேசிகள் நனையாதிருக்க, அவற்றை ஒரே டப்பாவில் இட்டு மூடி ஒருவன் பொறுப்பில் விடுவது அவர்கள் வழக்கம். முன்பு கொச்சியில் ஓர் ஆட்டத்தின்போது கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்த கிளீட்டஸ், அன்று விழுந்த ஒரே கோலைக் காணாமல் விட்டான். அதுமுதல் ஆட்டத்துக்கும் டப்பா வந்துவிட்டது. அது பெர்க்மான்ஸின் பொறுப்பு என்பது மூவரின் வீட்டாருக்கும் தெரியும். இறுதி விசில் ஊதும்வரை அதைத் திறப்பதில்லை என்பது கட்டுப்பாடு. மாலேயில் ஒரே பக்கத்தில் இரண்டு இருக்கைகளே கிடைத்தன. குலுக்கல் முறையில் கிளீட்டஸ் எதிர்ப்பக்கத்துக்குப் போனான். அப்போதும் மூன்று கைப்பேசிகளும் பெர்க்மான்ஸின் மடியிலேயே இருந்தன.

ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில் டப்பா அதிரத் தொடங்கியது, ஓயவேயில்லை. பொறுக்கமாட்டாமல் திறந்தான். கிளீட்டஸின் கைப்பேசியில் அவன் மனைவி எமரன்சி அழைத்துக்கொண்டிருந்தாள்.

"அவருகிட்ட குடுங்கண்ணே!"

"அவன் அந்தப் பக்கம் இருக்கான் தங்கச்சி. என்ன காரியம்?"

"கொழுந்தன் வள்ளத்துல எஞ்சின் நின்னுபோச்சு. கூட ரெண்டு பேரு இருக்காவ. வயர்லெஸ்ல, 'நம்ம பார்ல கிடக்கோம், பெர்க்மான்ஸக் கேளுங்க'ன்னாரு. அதுக்குப் பொறவு சத்தமே இல்ல. தோபியாஸ் அண்ணன் வள்ளந்தான் கிட்ட நிக்கி. எங்கோட்டுப் போவணும்னு கேக்காரு!"

கடலடியில் மீன் மண்டும் பாறைத்திட்டைப் பார் என்பார்கள். இந்தப் பார் கிளீட்டஸுக்கும் அவன் தம்பி அம்புரோஸுக்கும் பொதுவாக அவர்களுடைய தந்தை விட்டுச்சென்றது. அது இருக்குமிடம் ஊரில் எவருக்கும் தெரியாது. தெரிந்தால் மறுநாளே வள்ளங்கள் மொய்த்துவிடும். சென்ற ஆண்டு ஆள் குறைந்தபோது பெர்க்மான்ஸை அழைத்துப்போன அவ்விருவரும், 'யாருக்கும் சொல்லமாட்டேன்' என்று தங்கள் கைகளில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். அவனும் செய்தான். இப்போது கேட்கும் தோபியாஸோ செலஸ்டினின் அண்ணன். அந்தப் பாரைப் பல ஆண்டுகளாக மோப்பம் பிடித்துத் திரிபவன்.

பெர்க்மான்ஸ் இணைப்பைத் துண்டிக்காமலே எழுந்து எதிர்ப்பக்கத்துக்கு ஓடினான். வாயிற்காவலர் சீட்டைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். இடைவேளைக்கு முன் விடமுடியாது என்று சைகை காட்டினார். கெஞ்சியும் பயனில்லை. திரும்பி வந்தவனின் கையைச் செலஸ்டின் பற்றினான்.

"சொல்லாத லேய். இடைவேளைக்கு இன்னும் கொஞ்ச நேரந்தான். கிளீட்டஸே சொல்லட்டும். நீ சொன்னா, எங்க அண்ணனுக்காவ நான்தான் பக்கத்துல இருந்து புடுங்கினேம்பான்."

"அதுக்குப் பொறவு கிளம்பினா, போய்ச் சேருமுன்ன அங்க இருட்டிரும்."

"அப்ப உத்தேசமா ஒரு திசையச் சொல்லு."

"உத்தேசத்துக்குத் தேடினா பிணந்தான் கிடைக்கும் மக்கா."

பெர்க்மான்ஸ் பாரின் ஜி.பி.எஸ். எண்ணை நினைவிலிருந்து சொல்லத் தொடங்கினான். அந்நொடியில் இந்தியா கோல் அடித்தது. அரங்கம் அதிர்ந்தது, எமரன்சிக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவன் காதைப் பொத்திக்கொண்டு, கடைசி இலக்கம்வரை தொண்டை கிழியக் கத்தினான். அவள் வயர்லெஸில் அதையே கத்தினாள். அன்று கடலில் நின்ற வள்ளங்கள் அத்தனையும் அதைக் கேட்டன.

இடைவேளையில், தம்பி கடலில் மாட்டிக்கொண்ட செய்தி மட்டும் கிளீட்டஸை எட்டியது. பிற்பாதி ஆட்டத்தை மூவரும் பார்க்கவில்லை. அரங்குக்கு வெளியே கைப்பேசியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே இருமுறை பேரொலி எழுந்தது, எவரும் திரும்பவில்லை. கடைசியில் எமரன்சி அழைத்தாள். தோபியாஸ் மூவரையும் கண்டுவிட்டான். வள்ளத்தைக் கயிறு கட்டி இழுத்து வருகிறான்.

கிளீட்டஸ் நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"நம்பரச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"என்கிட்ட கேட்டா நானே சொல்லமாட்டனா? என் தம்பிய எனக்கு வேண்டாமா? என் கையில அடிச்ச சத்தியத்த நீ எப்படி லேய் உடைப்ப?"

"நான் அப்பமே சொன்னேன், பொறுன்னு" என்றான் செலஸ்டின்.



வாசகர்களே, பெர்க்மான்ஸ் சொன்னது சரியா? பொறுக்கச் சொன்ன செலஸ்டின் சரியா? சத்தியத்தின் பேரால் சினந்த கிளீட்டஸ் சரியா? பெர்க்மான்ஸ் வாக்குத் தவறினானா, இல்லையா?

விடை: தவறவில்லை. பாருக்கு உரியவர் இருவர். சத்தியமும் இருவர் கையிலும் செய்யப்பட்டது. அவ்விருவருள் ஒருவனான அம்புரோஸ், 'பெர்க்மான்ஸைக் கேளுங்கள்' என்று சொன்னபோதே பூட்டைத் தன் கையால் திறந்துவிட்டான். திறந்த கதவின் வழியே போனவனைக் கதவை உடைத்தவன் என்பது முறையன்று. செலஸ்டின் காக்க நினைத்தது தன் பெயரை. அதற்கு விலையாக மூன்று உயிர்களை அரைமணி நேரம் கடலில் நிறுத்தச் சொன்னான். 'நானே சொல்லியிருப்பேன்' என்ற கிளீட்டஸின் சொல் மெய்யே. ஆனால் அவன் சொல்ல இயலாதபடி செய்தது சத்தியமன்று, டப்பா. நண்பனைத் தனியே அனுப்பியபோது அவன் கைப்பேசியையும் கொடுத்தனுப்பாததே பெர்க்மான்ஸின் குற்றம். அவனைக் கடிவதென்றால் அதற்காகவே கடியவேண்டும்.

அம்புரோஸும் உடன் போனவர்களும் அன்றிரவே கரை சேர்ந்தார்கள். ஆட்டத்தில் இந்தியா தோற்றது. தோபியாஸ் அந்தப் பருவம் முழுவதும் அப்பாரில் தூண்டில் இறக்கவில்லை, மற்றவர்கள் இறக்கினார்கள். கிறிஸ்துமஸுக்குள் அங்கே மீன் அருகிவிட்டது. அம்புரோஸ் தன் அடுத்த குழந்தைக்கு ஞானத்தந்தையாகப் பெர்க்மான்ஸை அழைத்தான். கிளீட்டஸ் அந்த ஞானஸ்நானத்துக்கு வந்தான், முன்வரிசையில் நின்றான், விருந்துக்கு இருக்காமல் வீடு திரும்பினான்.