செங்கோடன் அணிலிடம் வாங்கிய பல்

அணிலும் ஆளும் ஒரே பேச்சில் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மனிதனின் பல் நகம் மாதிரி வளர்ந்துகொண்டே இருந்தது. விட்டால் உதட்டைத் தாண்டிவிடும். அதனால் சனங்களுக்கு ஓயாத வேலை. பொழுது சாய்ந்தால் ஊரே உட்கார்ந்து பனங்கொட்டையைக் கொறிக்கும். புளியம்பழத்தைச் சப்பிப் பல்லை இளக்கி, அந்தப் புளிப்பு போவதற்குள் ஆற்று மணலால் பரபரவென்று தேய்க்கும். தூக்கத்தில்கூடத் தாடை நறநறவென்று அரைத்துக்கொண்டிருக்கும். இத்தனையும் செய்தால்தான் பல் ஓர் அளவில் நிற்கும்.

அணிலுக்கு இதற்கு நேர் எதிர். அதன் பல் ஒருமுறை முளைத்ததோடு சரி, தேய்ந்தால் தேய்ந்ததுதான்.

அந்தக் காலத்துக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. ஓர் உயிர் வாய்விட்டு ஒத்துக்கொண்டால், அது அதன் இனம் முழுவதையும் கட்டுப்படுத்தும். இது தெரிந்தே வாயைக் கொடுத்தவன் செங்கோடன். இருபது வயது, எதற்கும் அவசரம்.

அவனுக்கும் பக்கத்து ஊர் மருதிக்கும் ஆடி கழிந்ததும் நிச்சயம் என்று பேசியிருந்தார்கள். நிச்சயத்தன்று மாப்பிள்ளை சபை நடுவில் ஒரு கொட்டைப்பாக்கைப் பல்லால் உடைத்துப் பெண்ணுக்குப் பாதி கொடுக்க வேண்டும். உடைக்க முடியாதவனுக்குப் பெண் கிடையாது. செங்கோடனுக்கு அதில் பயமே இல்லை. அவன் கவலையெல்லாம் பல் நீண்டு தெரிகிறதே என்பதுதான். ஒருநாள் சந்தையில் மருதி அவனைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்துவிட்டாள். தன் பல்லைப் பார்த்துத்தான் சிரித்தாள் என்று இவனாகவே முடிவு கட்டிக்கொண்டான்.

மறுநாள் வேலியோரம் ஓர் அணில் அவனைக் கூப்பிட்டது. எலும்பும் தோலுமாக இருந்தது.

“செங்கோடண்ணா, எம் பல்லு மழுங்கிப் போச்சு. ஒரு கொட்டைய உடைக்க முடியல. மூணு குட்டி பசியில கெடக்குதுங்க. நாம பல்லை மாத்திக்கலாமுங்களா?”

“உம் பல்லு வளராதில்ல?”

“வளராதுங்க. அதனாலதான் சொல்றேன், பதனமா வெச்சுக்கோணும். புளிச்சதைத் தின்னா தண்ணியில வாயைக் கொப்புளிச்சுட்டுச் சும்மா இருங்க. உடனே மணலைப் போட்டுத் தேச்சுடாதீங்க. பல்லை நறநறன்னு கடிக்கவும் கூடாது.”

“சரி சரி, அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்” என்றான் செங்கோடன். வளராது என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் அவன் காதில் ஏறவில்லை.

“உன்னது எனக்கு, என்னது உனக்கு” என்று இருவரும் சொன்னார்கள். அந்த நொடியே மனிதர் எல்லோருடைய பல்லும் அரிசி மாதிரி அளவாக நின்றது. அணில்களுக்கு உளி மாதிரி முளைத்தது.

ஊரே செங்கோடனைக் கொண்டாடியது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் பல் மாறியதே தவிர, பழக்கம் மாறவில்லை. பொழுது சாய்ந்தால் கை தானாகப் புளியைத் தேடியது, பிறகு மணலைத் தேடியது. அழகான பல் இன்னும் பளிச்சென்று இருக்கட்டும் என்று ஒரு பிடி கூடுதலாகவே போட்டுத் தேய்த்தான். தூங்கினால் தாடை தன் பாட்டுக்கு அரைத்தது.

நிச்சயத்தன்று சபை கூடியது. செங்கோடன் கொட்டைப்பாக்கை வாயில் போட்டுக் கடித்தான். பாக்கு அப்படியே இருந்தது. பல்லின் ஓரம்தான் சில்லாகப் பெயர்ந்தது. பல்கூச்சம் உச்சந்தலைவரை ஏறியது. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். அது பட்டதும் இன்னும் மோசம். அவளுடைய தகப்பன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

“இருங்கப்பா” என்றாள் மருதி. செங்கோடன் பக்கம் திரும்பி, “எப்ப இருந்து மாமா கூசுது?” என்று கேட்டாள்.

“பத்து நாளா.”

“எனக்கும்தான். நானும் நேத்து வரைக்கும் மணல் போட்டுத்தான் தேச்சேன்.” அவள் சபையைப் பார்த்தாள். “கூசாதவங்க யாராச்சும் இருந்தா வந்து இந்தப் பாக்கைக் கடிங்க.”

யாரும் வரவில்லை. தகப்பன் மெல்ல உட்கார்ந்தார். மருதி பாக்கைக் கல்மேல் வைத்து, இன்னொரு கல்லால் ஒரே போடு போட்டு, பாதியை அவன் கையில் கொடுத்தாள்.

கல்யாணம் முடிந்த கையோடு செங்கோடன் வேலிக்கு ஓடினான். “எம் பல்லைத் திருப்பிக் குடு.”

அணில் அவனை ஏற இறங்கப் பார்த்தது. “நான் சொன்னதை ஒரு நாளாச்சும் செஞ்சீங்களாண்ணா?”

அணிலுக்குப் பக்கத்தில் மூன்று குட்டிகளும் ஆளுக்கொரு கொட்டையை உடைத்துத் தின்றுகொண்டிருந்தன. அவற்றைப் பார்த்த பிறகு மறுபடி கேட்க அவனுக்கு மனம் வரவில்லை.

அன்று முதல்தான் அணில் எதைக் கொறித்தாலும் அதன் பல் மறுபடி வளர்ந்துவிடுகிறது. நமக்கோ மீசை அரும்பி நாலு வருஷம் ஆவதற்குள் பல் தேய்ந்து கூசுகிறது, அப்போதும் இந்தக் கை இன்னும் அழுத்தித்தான் தேய்க்கிறது.